சைக்கிள் சங்கிலி



பெரிய விஷயங்களைப் பற்றிப் பேசப் பெரியோர் பலர் இருக்கின்றனர். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய விஷயம். சைக்கிள் சங்கிலி அறுந்தால் வீட்டிலேயே அதை இணைப்பது எப்படி, தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் குறைப்பது எப்படி என்பதே என் பேச்சின் பொருள்.

‘அதற்குத்தான் தெருமுனையில் கடை இருக்கிறதே’ என்று சிலர் கேட்கக்கூடும். கடை இருக்கிறது, ஆனால் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அது திறந்திருப்பதில்லை. வெளி மாநிலங்களில் வேலை பார்க்கும் நம்மவருள் காவல் வேலைக்குச் செல்வோரும், கட்டட வேலைக்குச் செல்வோரும், வீடு வீடாகப் பாலும் பத்திரிகையும் போடுவோரும் புறப்படுவது அந்த நேரத்தில்தான். சங்கிலி அறுந்தால் அன்றைய கூலி போயிற்று. தவறாக இணைத்த சங்கிலியோ கூலியோடு நில்லாமல் கையையும் காலையும் கேட்டுவிடும். இதை நான் அனுபவத்தில் அறிந்தவன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் இளமை கழிந்தது ராமகுப்பத்தில். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஆந்திரமும் தமிழ்நாடும் கர்நாடகமும் கூடுகின்ற குப்பம் பகுதியைச் சேர்ந்த ஊர் அது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. எல்லைக் கோடுகள் மாறினவேயன்றி மக்களின் பேச்சு மாறவில்லை. தெலுங்கும் தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே சந்தையில் ஒலிக்கும். தெலுங்கில் சங்கிலியைக் ‘கொலுசு’ என்பார்கள். நமக்கோ கொலுசு காலில் அணிவது. கன்னடத்தில் ‘சரபளி’ என்பார்கள். தமிழில் சரப்பளி கழுத்தணி. மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த பிறகு இவற்றையெல்லாம் எண்ணி மகிழ்கிறேன். ஆனால் சைக்கிள் கடையில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. தெலுங்கரும் தமிழரும் கன்னடியரும் அங்கே ‘செயின்’ என்றே சொன்னார்கள். டில்லியில் கேட்டாலும் அதே சொல்தான். ஆகவே எந்த ஊரில் இருந்தாலும் பொருளைக் கேட்டு வாங்க நேயர்களுக்குச் சிரமம் இராது.

அப்பொழுது எனக்கு வயது பன்னிரண்டு. என் தந்தையார் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியர். மேடும் பள்ளமுமான அந்தப் பாதையில் நாள்தோறும் சைக்கிளில் சென்று வருவார். சங்கிலி தளர்ந்து மூடுதகட்டில் ‘கடகட’வென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுத்தியலும் ஆணியும் கொண்டு நானே அதில் ஓர் அங்குலம் குறைத்து மீண்டும் பூட்டிவிட்டேன். சத்தம் நின்றது. தந்தையார் வந்தவரிடமெல்லாம் மகனின் திறமையைச் சொல்லி மகிழ்ந்தார்.

மறுநாள் காலை, ஏரிக்கரையை அடுத்த ஏற்றத்தில் அவர் எழுந்து நின்று மிதித்தபோது சங்கிலி கழன்றது. மிதித்த கால் வெறுமையில் இறங்கியது. கையை ஊன்றி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. “சங்கிலியை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போ. எங்கே தவறு என்று கேட்டுக்கொண்டு வா” என்றார். அவ்வளவுதான்.

சைக்கிள் கடை பாய் சங்கிலியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் தவறு ஒன்றல்ல, இரண்டு என்றார். அவர் அன்று சொல்லித் தந்ததையே இன்று உங்களுக்குச் சொல்கிறேன். இரண்டு தவறுகளையும் அந்தந்த இடத்தில் சுட்டிக்காட்டுவேன்.

சங்கிலியின் அமைப்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அதில் இரண்டு வகைக் கண்ணிகள் மாறி மாறி வருகின்றன. உள்கண்ணியில் இரண்டு தகடுகளும், அவற்றிடையே இரண்டு சிறு உருளைகளும் உண்டு. வெளிக்கண்ணியில் இரண்டு தகடுகளும், அவற்றைச் சேர்க்கும் இரண்டு ஆணிகளும் உண்டு. ஆணியைக் கடைக்காரர் ‘பின்’ என்பார். ஆணி உருளையின் நடுவே புகுந்து செல்கிறது. பல்சக்கரத்தின் பல் உருளையின்மேல் அமர்கிறது. ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். சாதாரண சைக்கிளாயினும் பல வேகப் பற்கள் கொண்ட புதுவகைச் சைக்கிளாயினும் இந்த அளவு மாறுவதில்லை. அகலம் மட்டுமே மாறும்.

இந்த உருளைச் சங்கிலி சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880-இல் உருவாக்கியது. அதற்கு முன் பரவலாக இருந்த சைக்கிளில் மிதிகள் நேரே முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தன. வேகம் வேண்டுமானால் ஆள் உயரத்திற்கு முன்சக்கரம் செய்து அதன்மேல் ஏறி உட்கார வேண்டும். விழுந்தால் தலைகுப்புற விழ வேண்டும். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவரின் ‘ரோவர்’ சைக்கிள், சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டிக் காட்டியது. இன்று நாம் ஏறும் சைக்கிளின் மூதாதை அதுவே. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்திலும் இயந்திரத்தின் விசையை விசிறிகளுக்குக் கொண்டுசென்றவை சங்கிலிகள்தாம். அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா? நம் நாட்டில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றி, சென்னையை அடுத்த அம்பத்தூரில் சைக்கிள் செய்யத் தலைப்பட்ட பிறகு, நம் வீட்டு வாசல்களில் உள்நாட்டுச் சைக்கிள்கள் பெருகின.

இனி, சங்கிலி ஏன் தளர்கிறது? ‘இழுபட்டு நீண்டுவிட்டது’ என்று சொல்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஆணியும் அது சுழலும் துளையும் தேய்கின்றன. மூட்டு ஒன்றுக்குத் தலைமயிரின் கனம் அளவே தேய்ந்தாலும், நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் சேர்ந்து சங்கிலி கால் அங்குலம் நீண்டதாகக் காட்டும். மணலும் தூசியும் எண்ணெயோடு கலந்து இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன.

தேய்மானத்தை அளக்க ஓர் இரும்பு அளவுகோல் போதும். சங்கிலியைச் சற்று இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவில் அளவுகோலின் தொடக்கத்தை வையுங்கள். அதை விடுத்து இருபத்துநான்காவது ஆணி, புதிய சங்கிலியில் சரியாக 12 அங்குலத்தில் இருக்கும். அது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், சங்கிலியோடு பல்சக்கரங்களின் பற்களும் கெட்டிருக்கக்கூடும்.

என் முதல் தவறு இங்கேதான். நான் அளக்காமலே குறைத்துவிட்டேன். ஒரு கணக்கைப் பாருங்கள். சாதாரண சைக்கிளின் சங்கிலி ஏறக்குறைய 53 அங்குல நீளம். அது நூற்றுக்கு ஒரு பங்கு தேய்ந்தாலே தூக்கி எறிய வேண்டியது. அப்போதுகூட அது நீண்டிருப்பது அரை அங்குலந்தான். முழுதாக ஓர் அங்குலம் வெட்டி எடுக்கும் அளவுக்கு ஒரு சங்கிலி தேய்ந்து தளர்ந்திருக்குமானால், அது குறைக்க வேண்டிய சங்கிலி அன்று, மாற்ற வேண்டிய சங்கிலி. வெட்டினால் மொத்த நீளந்தான் குறையும். கண்ணிக்குக் கண்ணி உள்ள இடைவெளி குறையாது. இடைவெளி மிகுந்த சங்கிலி பற்களின்மேல் சரியாக அமராமல் ஏறி ஏறி விழும். பற்களையும் கூர்மையாகத் தின்றுவிடும். சங்கிலிக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கப்போய்ப் பல்சக்கரத்தையும் சேர்த்து வாங்க நேரும்.

அப்படியானால் எப்பொழுதுதான் குறைப்பது? புதிய சங்கிலி வாங்கும்பொழுது அது தேவைக்கு மேல் நீளமாக இருக்கும்; அப்பொழுது குறைக்க வேண்டும். பல்சக்கரத்தைச் சிறியதாக மாற்றினால் குறைக்க வேண்டும். கண்ணி உடைந்தால் குறைக்க நேரும். மற்றபடி, சிறு தளர்ச்சிக்குப் பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தாலே போதுமானது. அச்சின் இருபுறத்து நட்டுகளையும் தளர்த்தி, இரண்டு பக்கத்துச் ‘செயின் அட்ஜஸ்டர்’ திருகுகளையும் சமமாகத் திருக வேண்டும். இந்த வேலையிலேயே பெரும்பாலான தளர்ச்சி தீர்ந்துவிடும்.

எவ்வளவு நீளம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டே அறியலாம். மிதி அச்சின் நடுவிலிருந்து பின்சக்கர அச்சின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். 18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மேலும் கீழுமாக இருமடங்கு 36 அங்குலம். அரை அங்குலக் கணக்கில் 72. முன் பல்சக்கரத்தில் 48 பற்கள், பின்னால் 18 பற்கள் என்றால் கூட்டி 66; அதில் பாதி 33. 72-உம் 33-உம் 105. சங்கிலியில் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சோடியாக வருவதால், பூட்டுக் கண்ணியையும் சேர்த்து மொத்தம் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஆகவே 106 கண்ணிகள். உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணி இதேபோல் கணக்கிடுங்கள். பின்சக்கரம் அதன் பள்ளத்தின் நடுப்பகுதியில் நிற்குமாறு நீளத்தை அமைத்தால், பின்னால் இழுக்கவும் இடம் இருக்கும், முன்னால் தள்ளவும் இடம் இருக்கும்.

இனிச் சங்கிலியைக் கழற்றுவோம். அதில் ஒரு கண்ணி மட்டும் வேறுவிதமாக இருக்கும். அதன் ஆணிகளின் தலையில் மெல்லிய எஃகு வளை ஒன்று மாட்டப்பட்டிருக்கும். இதுவே பூட்டுக் கண்ணி. கடையில் ‘செயின் லாக்’ என்று கேட்டால் தருவார்கள். கீழே ஒரு பழைய பத்திரிகையை விரித்துக்கொள்ளுங்கள். இந்த வளை துள்ளி ஓடினால் தேடிப் பிடிப்பது கடினம். குறட்டின் ஒரு தாடையை வளையின் திறந்த முனையிலும், மறு தாடையை அடுத்த ஆணியிலும் வைத்து மெல்ல அழுத்தினால் வளை நழுவி வந்துவிடும். பிறகு தகட்டை எடுத்து, ஆணிகளோடு கூடிய மறு பாதியைப் பின்புறமாக உருவிவிடலாம். இப்பொழுது சங்கிலியின் இரு முனைகளிலும் இருப்பவை உள்கண்ணிகள்.

ஓர் அங்குலம் குறைக்க வேண்டுமானால், ஒரு முனையிலிருந்து உருளைகளை எண்ணுங்கள். முதல் உருளையில் ஆணி இல்லை. மூன்றாவது உருளையில் இருக்கும் ஆணியை வெளியேற்ற வேண்டும். ‘செயின் கட்டர்’ என்னும் சிறு கருவி இருந்தால், அதன் திருகைச் சுற்றியே ஆணியைத் தள்ளிவிடலாம். இல்லையேல், ஆணியின் விரிந்த தலையை அரத்தால் தேய்த்துச் சமமாக்கி, சங்கிலியை ஒரு பெரிய நட்டின் மேல், ஆணி அதன் துளைக்கு நேராக வருமாறு கிடத்தி, துளையாணியை வைத்துச் சுத்தியலால் நேராக அடியுங்கள். கோணலாக அடித்தால் தகடு வளையும். வளைந்த தகட்டை நிமிர்த்தி உபயோகிக்கக் கூடாது. ஆணி வெளியே வந்ததும், ஓர் உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் சேர்ந்து கழன்றுவிடும். மீதியுள்ள முனையில் மறுபடியும் உள்கண்ணியே நிற்கும். அப்படி நிற்காவிட்டால் எண்ணியதில் பிழை. மேலே செல்ல வேண்டாம். எடுத்த துண்டை எறிந்துவிடாதீர்கள், பின்னால் உதவும்.

இணைக்கும்பொழுது, சங்கிலியைப் பின்பல்லின்மேல் போட்டு, இரண்டு முனைகளையும் முன் பல்சக்கரத்தின் அடுத்தடுத்த பற்களில் உட்கார வையுங்கள். பற்களே முனைகளைப் பிடித்துக்கொள்ளும். கைக்குச் சிரமம் இராது. பூட்டுக் கண்ணியை உட்புறத்திலிருந்து செலுத்தி, வெளிப்புறத்தில் தகட்டை மாட்டி, ஆணிகளின் கழுத்தில் உள்ள காடியில் வளையை வைத்துக் குறட்டால் அழுத்துங்கள். ‘கிளிக்’ என்ற ஓசை கேட்க வேண்டும். இரண்டு ஆணிகளின் காடியிலும் வளை முழுதாக அமர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

என் இரண்டாவது தவறு, என் தந்தையாரை வீழ்த்திய தவறு, இந்த இடத்தில்தான் நேர்ந்தது. வளைக்கு ஒரு மூடிய முனையும் ஒரு திறந்த முனையும் உண்டு. பாய் அதை விரல்நுனியில் வைத்துக்கொண்டு, “இதற்குத் தலையும் உண்டு, வாலும் உண்டு, தம்பி. வாலை முன்னே விட்டு நடக்கிற மாட்டை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டார். மூடிய முனைதான் தலை. சங்கிலி ஓடும் திசையில் அது முன்னே செல்ல வேண்டும். சங்கிலியின் மேல் ஓட்டத்தில் பார்த்தால், மூடிய முனை முன் பல்சக்கரத்தை நோக்கியும், திறந்த முனை பின்சக்கரத்தை நோக்கியும் இருக்கும். நான் மாற்றி மாட்டியிருந்தேன். எங்கள் சைக்கிளின் மூடுதகடு நசுங்கிச் சங்கிலியோடு உரசிக்கொண்டிருந்தது. திறந்த முனை அதில் தட்டித் தட்டி, வளை கழன்று, தகடும் விழுந்துவிட்டது.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஏற்றத்தில் ஒரு மிதியின்மேல் முழு எடையோடு நிற்கும்போது, சங்கிலியின்மீது நூறு கிலோவுக்கு மேற்பட்ட இழுவை விழுகிறது. மிதித்தண்டு பல்சக்கரத்தின் ஆரத்தைவிட நீளமாக இருப்பதே அதற்குக் காரணம். அத்தனை பாரத்தையும் தாங்கும் கண்ணியைக் காப்பது, நகக்கண் அளவான அந்த வளைதான்.

பூட்டிய பிறகும் வேலை முடியவில்லை. புதிதாக இணைத்த மூட்டு இறுகி நின்றால், சங்கிலியைப் பக்கவாட்டில் இலேசாக ஆட்டித் தளர்த்துங்கள். பின்சக்கரத்தை இழுத்துச் சட்டத்தின் நடுவே நேராக நிறுத்துங்கள். இரு பல்சக்கரங்களுக்கும் நடுவே சங்கிலியை விரலால் தூக்கி இறக்கினால், மொத்தம் அரை அங்குலம் அசைய வேண்டும். மிதியை மெல்லச் சுற்றி எல்லா நிலையிலும் அளந்து பாருங்கள்; பல்சக்கரங்கள் முழு வட்டமாக இருப்பது அரிது. எங்கே மிக இறுக்கமோ அங்கே அந்த அரை அங்குலம் இருக்கட்டும். நட்டுகளை முடுக்கிய பின், பிரேக் கட்டைகளைக் கவனியுங்கள். சக்கரம் நகர்ந்ததால் அவை விளிம்பில் சரியாகப் படாமல் போயிருக்கலாம். கடைசியாக, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு மிதியைக் காலால் பலமாக அழுத்திச் சோதித்துவிட்டு, முதலில் சமதரையில் ஓட்டிப் பாருங்கள். ஏற்றம் பிறகு.

வழியிலே சங்கிலி அறுந்தால் என்ன செய்வது? உடைந்தது வெளிக்கண்ணியானால் கவலை இல்லை. அதை மட்டும் நீக்கிவிட்டு, அதன் இடத்தில் ஒரு பூட்டுக் கண்ணியை மாட்டலாம், நீளம் குறையாது. உடைந்தது உள்கண்ணியானால், அதையும் அதன் இருபுறத்து வெளிக்கண்ணிகளையும் நீக்கி, ஒரு பூட்டுக் கண்ணியால் இணைக்க வேண்டும். சங்கிலி ஓர் அங்குலம் குறையும். சக்கரத்தை அரை அங்குலம் முன்னே தள்ளினால் சரியாகிவிடும். இடம் போதாவிட்டால், முன்பு எடுத்துவைத்த துண்டும் இன்னொரு பூட்டுக் கண்ணியும் கைகொடுக்கும். ஆகவே இரண்டு பூட்டுக் கண்ணிகளை ஒரு காகிதத்தில் மடித்து எப்பொழுதும் உடன் வைத்திருங்கள்.

பல வேகப் பற்கள் கொண்ட சைக்கிள் வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை. அந்தச் சங்கிலி குறுகலானது. ஆணியின் தலை தகட்டோடு சமமாக நிற்கும். ஒருமுறை தள்ளிய ஆணியை அதில் மறுபடி அடித்து உபயோகிப்பது ஆபத்து. அந்தந்தச் சங்கிலிக்கென்றே விற்கும் இணைப்புக் கண்ணியை வாங்கி மாட்டுங்கள். அதன் நீளத்தைக் கணக்கிட, முன்னும் பின்னும் மிகப் பெரிய பல்சக்கரங்களின்மேல், பின்னாலுள்ள மாற்றுக் கருவியின் வழியாகச் செலுத்தாமல் நேரே சுற்றிப் பார்த்து, முனைகள் கூடும் நீளத்தோடு ஓர் அங்குலம் கூட்டிக்கொள்வது வழக்கம்.

நெடுநாள் உழைக்க வேண்டுமானால் சங்கிலி சுத்தமாக இருக்க வேண்டும். பழைய துணியால் துடைத்து, உருளைக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, சில நிமிடங்கள் சுற்றி, வெளியே வழிவதையெல்லாம் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டிய இடம் மூட்டின் உள்ளே. வெளியே பூசிய எண்ணெய் தூசிக்கு விருந்தாகும்.

1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, எழுத்தறிவோடு சைக்கிளும் கற்ற பெண்களை நேயர்கள் நினைவில் வைத்திருக்கலாம். கல் உடைப்போரும் கூலி வேலை செய்வோருமான பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். தண்ணீர் கொண்டுவரவும், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும் யார் துணையையும் எதிர்பார்க்க வேண்டாத நிலை அவர்களுக்கு வந்தது. பிறகு தமிழ்நாட்டிலும், 2006 முதல் பீகாரிலும், பள்ளி மாணவியருக்கு அரசே சைக்கிள் வழங்கலாயிற்று. சைக்கிள் கிடைத்த பெண் பள்ளிக்குப் போகிறாள். ஆனால் சங்கிலி அறுந்து, பூட்ட யாரும் இல்லாமல், சைக்கிள் திண்ணையில் சாய்ந்து கிடந்தால் அந்தப் படிப்பும் அதனோடு சாய்ந்துவிடும். ஆகவே இந்த வேலையை வீட்டில் பெண் குழந்தைகளுக்கும் கட்டாயம் கற்றுக்கொடுங்கள்.

என் தந்தையாரின் கட்டு அவிழ்ந்த அன்று, பாய் கடையிலிருந்து புதிய சங்கிலி ஒன்று வாங்கிவந்து என் முன்னே வைத்தார். “நீயே மாட்டு” என்றார். நான் தயங்கினேன். அவர் அருகில் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. நான் கண்ணிகளை மூன்று முறை எண்ணினேன். வளையின் தலை எந்தப் பக்கம் என்று பலமுறை பார்த்தேன். மறுநாள் காலை அவர் அதே சைக்கிளில், அதே ஏற்றத்தில், எழுந்து நின்று மிதித்துச் சென்றார். நான் ஏரிக்கரையில் நின்று, அவர் மேட்டைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேயர்களே, வருகிற விடுமுறை நாளில் உங்கள் சைக்கிளை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்து, சங்கிலியை ஒருமுறை அளந்து பாருங்கள். பூட்டின் வளை எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதையும் பாருங்கள். பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.